பரிசில் வேறு, பிச்சை வேறு

இரட்டைப் புலவர்களின் கதையைத் தமிழ் வகுப்பிற் கேட்டிராதவர் எம்மிடையே குறைவு. முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் அவ்விருவருள் ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடவாது. கண் தெரியாதவர் சுமந்தார். தோளில் இருந்தவர் வழி சொன்னார். ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊர் ஊராகச் சென்று பாடிப் பொருள் ஈட்டினார்கள். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன.

அவர்களுக்குப் பின்வந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து, அரசன் பரராசசேகரன் அவையிற் பாடிப் பெரும் பரிசில் பெற்றுத் திரும்பினார் என்று எமது பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

இந்தக் கதைகளில் ஒரு சொல்லை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் பெற்றதைப் பிச்சை என்று எவரும் எழுதவில்லை; பரிசில் என்றே எழுதினார்கள். பாடலைக் கொடுத்தார்கள், பொருளைப் பெற்றார்கள். கண்ணும் காலும் அந்தக் கொடுக்கல் வாங்கலிற் கணக்கில் வரவில்லை.

இந்த முன்னுரை பழம்பெருமை பேசுவதற்காக அன்று. அண்மையில் ஸ்காபரோவில் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவரது மகளுக்கு வயது இருபதைக் கடந்துவிட்டது. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். சக்கர நாற்காலியை விட்டு எழ இயலாது. விரல்களில் இரண்டு மூன்றே அவள் சொல்லைக் கேட்கும். வாரத்தில் மூன்று இரவுகள் அவள் கணினி முன் அமர்ந்து இணையத்தில் நிகழ்ச்சி நடத்துகிறாள். கணினி விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டே கதை சொல்கிறாள், பார்ப்பவர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்கு விடை சொல்கிறாள், சிரிக்க வைக்கிறாள். பார்ப்பவர்களிற் சிலர் மாதச் சந்தா கட்டுகிறார்கள்; சிலர் அவ்வப்போது சிறு தொகை அனுப்புகிறார்கள்.

தகப்பனாரிடம் விசாரித்தேன். "அவள் சும்மா கேம் விளையாடுறாள், அண்ணை. பொழுது போகவேணும்தானே" என்றார். பக்கத்து அறையிலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் வந்தது: "மாமா, வீட்டுக்கு வாற எல்லாரும் சுகம் எப்பிடி எண்டுதான் கேக்கினம். வேலை எப்பிடிப் போகுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கான பதிலைத் தேடும் முயற்சியே.

இது தொழிலா?

தொழிலே. மேடையில் மூன்று மணித்தியாலம் அறிவிப்பாளராக நிற்பவர் செய்வது தொழில் என்றால், அதே மூன்று மணித்தியாலம் இடைவெளியின்றிப் பேசிப் பார்வையாளரைப் பிடித்து வைத்திருப்பதும் தொழில்தான். நிகழ்ச்சிக்கு முன் ஆயத்தம் உண்டு. பின்னர் ஒளிப்பதிவை வெட்டித் துண்டங்களாக வெளியிடும் வேலை உண்டு. ஒலி, ஒளி, கணக்கு வழக்கு எல்லாம் உண்டு.

இத்தொழில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏன் பொருந்துகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. தை மாதத்துப் பனியில் வீல்-ரான்ஸ் வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டு வாசலிற் காத்திருந்தவர்களுக்கு அது விளங்கும். படிக்கட்டு இல்லை, கழிவறைக் கதவின் அகலம் பற்றிய கவலை இல்லை, உடல் ஒத்துழைக்கும் நேரத்தை வேலை நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளும் வந்துவிட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018 இல் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்கெனத் தனியான இயக்குபலகை ஒன்றை வெளியிட்டது. அதன் மேற்புறத்தில் இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறத்தில் வெளிப் பொத்தான்களைச் செருகுவதற்கு 19 துளைகள். காலால் அழுத்தும் பொத்தான், தலையால் தட்டும் பொத்தான், வாயால் இயக்கும் குழாய் என அவரவர் உடலுக்கு ஏற்றதைப் பொருத்திக்கொள்ளலாம். சோனி நிறுவனம் 2023 டிசம்பரில் தனது கருவியைக் கொண்டுவந்தது.

இவை வருவதற்கு முன்பே வழி கண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மைக் பேகம் மூட்டுகள் இறுகும் குறைபாட்டோடு பிறந்தவர். கைகளாற் கருவியைப் பிடிக்க இயலாது. முகத்தாலும் வாயாலும் சாதாரண இயக்குபலகையையே இயக்கினார். 'ஸ்ட்ரீட் ஃபைற்றர்' என்னும் சண்டை விளையாட்டில் 'புரோலிலெக்ஸ்' என்ற பெயரோடு உலகத் தரத்து ஆட்டக்காரராக விளங்கினார், போட்டிகளுக்கும் சென்றார். 2023 இல், முப்பத்து நான்காம் வயதிற் காலமானார். அவரோடு மோதித் தோற்றவர்கள் அவருக்காக இரக்கப்படவில்லை. அவர் ஆட்டத்தைக் கற்க முயன்றார்கள்.

காப்பதாகச் சொல்லி மறைத்தல்

எனினும் இணையம் எல்லோரையும் சமமாக நடத்தும் என்று நம்பிவிடக் கூடாது. 2019 டிசம்பரில் 'நெட்ஸ்பொலிடிக்' என்னும் ஜேர்மன் இணைய இதழ் ஒரு செய்தியை வெளிக்கொண்டுவந்தது. டிக்ரொக் நிறுவனம், மாற்றுத்திறனாளிகள் என்று தெரிந்தவர்களின் காணொளிகள் பலரைச் சென்றடையாதவாறு மட்டுப்படுத்துமாறு தனது கண்காணிப்பாளருக்குப் பணித்திருந்தது. காரணம் கேட்டபோது, அவர்களைக் கேலியிலிருந்தும் வசைகளிலிருந்தும் காப்பதற்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு என்றும், அது தவறுதான் என்றும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கேலி செய்பவனைத் தடுப்பதை விட்டுக் கேலிக்கு ஆளாகக்கூடியவரை மறைத்து வைத்தார்கள். இதைப் படித்து நாம் கோபப்படுவது நியாயம். ஆனால், எமது வீடுகளில் நடப்பது என்ன? விருந்தினர் வந்தால் அந்தப் பிள்ளையின் அறைக் கதவு சாத்தப்படுகிறது. கலியாண வீட்டுக்குக் கூட்டிச் சென்றால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று வீட்டில் விட்டுச் செல்கிறோம். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசும்போது இளையவளைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை. இவை எல்லாம் அன்பினால், பிள்ளை மனம் நோகக் கூடாதே என்ற அக்கறையினாற் செய்பவை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். டிக்ரொக் நிறுவனமும் அதைத்தான் சொன்னது.

அன்று 'அங்கவீனர்' என்றோம். இன்று 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். சொல்லை மாற்றியது நன்றே. ஆனால் திறன் என்று சொல்லிவிட்டு அந்தத் திறன் கூலி பெறும்போது அதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளினால், மாறியது சொல் மட்டுமே.

தன் உடலைக் காட்டுவதா வேண்டாமா என்பதும் உழைப்பவரின் முடிவாக இருக்கட்டும். சிலர் தமது நாற்காலியையும் சுவாசக் கருவியையும் மறைக்காமல் முன்வைக்கிறார்கள். சிலர் சித்திர உருவம் ஒன்றை முன்நிறுத்தி அதன் பின்னால் இருந்து குரல் கொடுக்கிறார்கள். இரண்டும் சரியே. பெற்றோர் கதவைச் சாத்துவதும் பிள்ளை தானே திரையை இடுவதும் ஒன்றல்ல.

கமரா யார் கையில்?

இத்தொழிலின் நிழலில் இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது. அகதிகளாகிய நாம் அதைப் பார்க்காதது போல இருக்க முடியாது.

2022 ஒக்ரோபரில் பிபிசி வெளியிட்ட புலனாய்வு ஒன்று சிரியாவின் வடமேற்கில் உள்ள அகதி முகாம்களைப் பற்றியது. அங்கு இடைத்தரகர்கள் கூடாரங்களுக்குக் கைத்தொலைபேசியையும் விளக்கையும் கொண்டுவந்து கொடுக்க, குடும்பங்கள் குழந்தைகளோடு மணிக்கணக்கில் நேரலையில் அமர்ந்து உலகிடம் கையேந்தின. கண் தெரியாத தன் மகளின் சத்திரசிகிச்சைக்காக அமர்ந்த தாயும் அவர்களில் ஒருவர். பிபிசி சோதனையாக 106 அமெரிக்க டொலர் பெறுமதியான அன்பளிப்புகளை டிக்ரொக் வழியாக அனுப்பியது. மறுமுனையில் இருந்த கணக்கில் மிஞ்சியது 33 டொலர். அதில் பணம் மாற்றும் கடைக்காரர் பத்து வீதம், மிஞ்சியதில் இடைத்தரகர் முப்பத்தைந்து வீதம் எடுத்தபின், ஒரு குடும்பத்தின் கைக்கு வரக்கூடியது 19 டொலர்.

இதைப் படித்தபோது எமது தாயகத்திலிருந்து வரும் காணொளிகள் நினைவுக்கு வந்தன. வன்னியில் ஒரு குடிசை. முள்ளந்தண்டில் காயமடைந்து படுக்கையிற் கிடக்கும் ஒருவர். அவர் முன்னே ஒலிவாங்கியோடு நிற்கும் இன்னொருவர். "சொல்லுங்கோ அண்ணை, உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ" என்கிறார். அண்ணை அழுகிறார். நாம் இங்கிருந்து பணம் அனுப்புகிறோம். உதவி போய்ச் சேர்வதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணொளியைப் பல ஆயிரம் பேர் பார்ப்பதால் வரும் விளம்பர வருவாய் யாருக்கு? படுக்கையிற் கிடந்தவருக்கன்று, கமராவை வைத்திருப்பவருக்கு. அழுதவரின் முகம் முதலீடு, இலாபம் மற்றவருக்கு.

கமரா யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஸ்காபரோவில் அந்தப் பிள்ளை தன் கமராவைத் தானே திறக்கிறாள், தானே மூடுகிறாள், எதைச் சொல்வது என்பதைத் தானே தீர்மானிக்கிறாள். அதனால் அவள் பெறுவது பரிசில். மற்றவன் கமராவின் முன் அழுது பெறுவது, எவ்வளவு பெருந்தொகையானாலும், பிச்சை. அந்த இழிவு அழுதவரைச் சேராது. அழவைத்தவரையும் பார்த்திருந்த எம்மையுமே சேரும்.

அரசாங்கத்தின் கணக்கு

இனி ஒன்ராறியோ அரசின் கணக்கைப் பார்ப்போம். எம்மவர் பலர் இத்தொழிலுக்கு அஞ்சுவது கேலிக்காக மட்டுமன்று. 'ஓடிஎஸ்பி' என்று நாம் சொல்லும் மாகாண உதவிப்பணம் வெட்டப்படும் என்பதற்காகவும்தான்.

தனியொருவருக்கு அதில் கிடைக்கக்கூடிய உயர்ந்த அடிப்படைத் தொகை 2025 ஜூலையில் மாதம் 1,408 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. ரொறன்ரோவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். முன்னர், உழைத்துப் பெறும் வருவாயில் முதல் 200 டொலருக்கு மேற்பட்டதிற் பாதியை உதவிப்பணத்திற் கழித்தார்கள். 2023 பெப்ரவரியில் இந்த விதி மாறியது. இப்போது மாதம் 1,000 டொலர் வரை உழைத்தால் ஒரு சதமும் கழிக்கப்படாது. அதற்கு மேற்பட்டதில் 75 வீதம் கழிக்கப்படும். ஒரு மாதத்தில் செலவு போக 1,400 டொலர் உழைத்தால் முன்பு 600 டொலர் போயிருக்கும். இப்போது 300 டொலர். இது முன்னேற்றமே. இதை அறியாமல் இன்றும் 200 டொலர்க் கணக்கிற் பயந்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்கு இச்செய்தியைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதற்கு நிகரான உதவி பெறும் தனியொருவர் 2,000 டொலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 1989 முதல் மாறவில்லை. இங்கே அந்த வரம்பு 40,000 டொலர்.

ஆயினும் இரண்டு முட்கள் உள்ளன.

முதலாவது, இந்த 1,000 டொலர் விலக்கு மாதக் கணக்கு. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அது பொருந்தும். கலைஞருடைய வருவாய் அப்படி வருவதில்லை. நத்தார் காலத்தில் ஒரு மாதம் 1,800 டொலர் வரும். மறு மாதம் நோய் வந்து படுத்தால் 200 டொலர் வரும். மாதக் கணக்கை அப்படியே பொருத்தினால் முதல் மாதத்தில் 600 டொலர் கழிந்துவிடும். இரண்டு மாதமும் ஆயிரம் ஆயிரமாக வந்திருந்தால் ஒன்றும் கழிந்திராது. உழைத்த மொத்தம் ஒன்றே. இழப்பு மட்டும் வேறு. ஏற்ற இறக்கமுள்ள உடலுக்கு ஏற்ற இறக்கமுள்ள தொழில்தான் வாய்க்கும். ஆகவே, இந்த விலக்கு ஆண்டுக்கு 12,000 டொலர் என்று ஆக்கப்பட வேண்டும். எமது வாக்குகளைத் தேடி வரும் மாகாணசபை உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. பொங்கல் விழாவில் வேட்டி கட்டி நிற்கும்போதே கேட்கலாம்.

இரண்டாவது முள் சொல்லில் இருக்கிறது. அதே திட்டத்தில், பிறர் தரும் அன்பளிப்புகள் பன்னிரண்டு மாதத்தில் 10,000 டொலர் வரை கணக்கில் எடுக்கப்படுவதில்லை. "பார்ப்பவர்கள் தருவதும் அன்பளிப்புத்தானே, அப்படியே எழுதிவிடு பிள்ளை" என்று ஆலோசனை சொல்லும் அங்கிள்மார் எம்மிடம் உண்டு. அந்த ஆலோசனையைக் கேட்க வேண்டாம். நிகழ்ச்சி நடத்தியதற்காக வரும் பணம் தொழில் வருவாய். கனடா வருமானவரித் திணைக்களமும் இணையக் கலைஞர்களின் வருவாயைத் தொழில் வருவாயாகவே நோக்குகிறது. கணக்கை மாற்றி எழுதிப் பின்னாளில் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் அந்தப் பிள்ளையே துன்பப்படும்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அன்பளிப்பு என்று எழுதும்போது, 'நான் உழைக்கவில்லை, இரக்கப்பட்டுத் தந்தார்கள்' என்று அவளே கையொப்பம் இடுகிறாள். உழைப்பு என்று எழுதட்டும். கருவி, கணினி, இணையக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு வைத்து, தொழிற்செலவாக ஏற்குமாறு கேட்கட்டும். வருவாய் உயர்ந்து உதவிப்பணம் நின்றாலும், மருந்துச் செலவுக்கு இடைக்கால உதவி கேட்கவும், வருவாய் குறைந்தால் விரைவாகத் திட்டத்துக்குத் திரும்பவும் விதிகளில் இடமுண்டு. அஞ்சி ஒளிக்கத் தேவையில்லை.

பொன் விளையும் பூமி அல்ல

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். இதில் பெரும்பணம் காண்பவர்கள் மிகச் சிலரே. 2021 ஒக்ரோபரில் டுவிச் நிறுவனத்தின் கொடுப்பனவுக் கணக்குகள் கசிந்தபோது, உச்சியில் இருந்த சிலருக்கே பெருந்தொகை சென்றமை உலகுக்குத் தெரிந்தது. அங்கு மாதச் சந்தாவில் பொதுவாகப் பாதியை நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. யூரியூப் நிறுவனம் நேரலையில் அனுப்பப்படும் பணத்தில் 30 வீதத்தை எடுக்கிறது. விளம்பரப் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும் என்கிறது. அல்லது குறுங்காணொளிகளுக்குத் தொண்ணூறு நாளில் ஒரு கோடி பார்வைகள் வேண்டும். ஒரு மாதம் வைத்தியசாலையிற் படுத்தால் பார்வையாளர் கலைந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு வரும் வசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, 'உன் பிள்ளைக்கு இருக்கிறதே இணையம்' என்று சொல்லி, அலுவலகங்களும் கடைகளும் தம் படிக்கட்டுகளை அப்படியே வைத்திருப்பதற்கு இது சாட்டாகிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

எமது சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைத்து மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்டுகின்றன. நல்லது. அந்த விருந்துக்கு அறிவிப்பாளராக அவர்களில் ஒருவரை அமர்த்தி, மற்றவருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுத்துப் பாருங்கள். எமது வானொலிகள் ஒரு மணித்தியாலத்தை அவர்கள் வீட்டிலிருந்தே நடத்தக் கொடுக்கலாம். நகைக்கடைக்காரரும் வீடு விற்பனை முகவர்களும் தமது விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க அவர்களை அழைக்கலாம். தாயகத்தில் படுக்கையில் இருப்பவருக்கு உதவ விரும்புவோர், அழும் காணொளிக்குப் பணம் அனுப்புவதற்கு முன்பு ஒரு கைத்தொலைபேசியும் ஒலிவாங்கியும் வாங்கிக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவருக்குக் கூத்துத் தெரிந்திருக்கும், விவசாயம் தெரிந்திருக்கும், கதை தெரிந்திருக்கும். கஷ்டம் மட்டுமே தெரிந்தவர் உலகில் எவரும் இல்லர்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை. கூட்டம் கூட்டத் தேவையில்லை. அடுத்த முறை அப்படியொரு வீட்டுக்குச் செல்லும்போது சுகம் விசாரித்த பின்னர் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்.

நான் கேட்டுவிட்டேன். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, வேலை எப்பிடிப் போகுது?" என்றேன். அரை மணித்தியாலம் இடைவிடாது பேசினாள். அதில் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்கவில்லை.